எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறோம்? மலையில் கல்யாணம் எடுப்பவர்களுக்கு ஒரு லென்ஸ் கணக்கு

கல்யாண போட்டோ எடுக்கும் வேலைக்கு வர ஆசைப்படுகிற தம்பி தங்கைகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த லென்ஸ் வாங்கட்டும்?" என்றுதான். 24-70, 70-200, 85 என்று சில எண்களை (லென்ஸின் மி.மீ. அளவு; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "யார் வீட்டுக் கல்யாணம், எங்கே நடக்குது, நீ எங்கே நிக்கப்போற?" இதைக் கேட்காமல் லென்ஸைப் பற்றிப் பேசவே முடியாது. எந்த லென்ஸ் என்பதை முடிவு செய்வது நாம் நிற்கிற தூரம். அந்தத் தூரத்தை முடிவு செய்வது இடமும் அங்கே இருக்கிற மனிதர்களும். நீலகிரியில் மிஸ்ட்டும் அதில் ஒரு பங்கு கேட்கிறது.

வீடியோக்களில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் அகலமான மண்டபத்தையும் நல்ல வெயிலையும் மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. சென்னைக்கும் கோவைக்கும் அவை சரியாக இருக்கும். கல்லாறு தாண்டி மலை ஏறிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் கேமராவை, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளதை, செங்குத்தாகப் பிடித்து, ஒருவரைத் தலை முதல் கால் வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் 2 மீட்டரில் நின்று எடுத்துவிடலாம். 50 என்றால் 3 மீட்டர் கிட்ட. 85 என்றால் 5 மீட்டர் கிட்ட. 135க்கு ஏழரை, 200க்கு 11 மீட்டர். அதைவிடச் சின்ன சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இந்தத் தூரங்களை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனான் என்றால் 1.6. இந்த எண்கள் மனதில் பதிந்துவிட்டால், ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்ததுமே பையிலிருந்து எதை எடுப்பது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

முகத்தின் வடிவத்தை லென்ஸ் மாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை மாற்றுவது தூரம். அரை மீட்டரில் நின்று ஒரு முகத்தை எடுத்தால் காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும், கன்னம் குறுகிவிடும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள அந்தத் தூர வித்தியாசம் பொருட்டாகவே இருக்காது. அங்கே நின்றபடி தலையும் தோளும் ஃபிரேமை நிரப்ப வேண்டுமானால் 85 தேவைப்படுகிறது. 85க்குப் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று பேர் வந்ததே இதனால்தான். மணப்பெண்ணின் முகத்தை 35ல் நெருங்கி எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். 35 கெட்ட லென்ஸ் இல்லை, ஆனால் அதை வைத்து முகத்தை நிரப்ப நாம் போய் நிற்க வேண்டிய இடம் அந்த முகத்துக்கு நல்லதில்லை.

சரி, மிஸ்ட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எங்கும் சரியாகச் சொல்லப்படாத விஷயமும் இதுதான்.

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆட்சி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் வலுவாக வரும். ஆவணிக் கல்யாணம் ஆனாலும் ஐப்பசிக் கல்யாணம் ஆனாலும் மலையில் ஏதாவது ஒரு பக்கம் மேகம் தரையில் நடந்துகொண்டிருக்கும். அதில் எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்களுக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு வெள்ளை படத்தில் சேரும். 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. போட்டு 11 மீட்டர் தள்ளி நின்றால், ஆளின் கான்ட்ராஸ்ட் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதே ஆளை 35 போட்டு 2 மீட்டரில் நின்று எடுத்தால் கரைவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமுடி கறுப்பாகவே இருக்கும், பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே இருக்கும், பின்னால் மலை மட்டும் காணாமல் போயிருக்கும்.

70-200 கொண்டுவந்த வெளியூர் நண்பர்கள் பலர், மிஸ்ட்டில் படம் சாம்பல் பூத்து வருகிறதென்று லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. நடுவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியது மாதிரி பத்து மீட்டர் மேகம் நிற்கிறது, அவ்வளவுதான். எடிட்டிங்கில் டீஹேஸ் போட்டு இழுத்தால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் திரும்பும். கூடவே நிழல்களில் நாய்ஸ் என்கிற புள்ளிகளும், கன்னத்தில் கறுப்புத் திட்டும் வரும். அதற்குப் பதில் பத்துக் காலடி முன்னால் நடந்து போய் சின்ன லென்ஸைப் போடுவது நல்லது.

மிஸ்ட் நமக்கு ஒன்றை இலவசமாகவும் தருகிறது. சமவெளியில் பின்னணியை மறைக்க எஃப் 1.4 வேண்டியிருக்கிறது (எஃப் எண் லென்ஸின் துவாரமான அபெர்ச்சரைச் சொல்வது; எண் சின்னதானால் துவாரம் பெரிது, பின்னணி மங்கல்). இங்கே மேகமே அந்த வேலையைச் செய்துவிடும். எஃப் 4ல் வைத்து எடுத்தால், பக்கத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெளிவாகவும், அதற்கு அடுத்தது மங்கலாகவும், அதற்கும் அப்பால் இருப்பது வெறும் நிழலாகவும் அடுக்கடுக்காக விழும். அந்த அடுக்குகளை எஃப் 1.4ல் பிளர் செய்து ஒரே வெள்ளைக் குழம்பாக ஆக்குவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். வெளிச்சமும் நாலாபுறமிருந்தும் மெதுவாக வருவதால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாடகைக்கு எடுத்தாலும் இப்படி ஒரு வெளிச்சம் கிடைக்காது.

ஆட்டோஃபோகஸ் மட்டும் தடுமாறும். அது கான்ட்ராஸ்ட்டைத் தேடும் சாதனம். வெள்ளைக்குள் வெள்ளையாக நிற்கும் ஆளிடம் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. நீலகிரியின் படுகர் சமூகத்துக் கல்யாணங்களில் இது நன்றாகத் தெரியும். பெண்கள் வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியும், ஆண்கள் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக மிஸ்ட்டில் நிற்கும்போது ஃபோகஸ் புள்ளியைத் துணியின் மேல் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். புருவம், முடி ஆரம்பிக்கும் கோடு, கண் என்று கறுப்பும் தோலும் சந்திக்கிற இடத்தில் வையுங்கள், உடனே பிடித்துவிடும். எக்ஸ்போஷரையும், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதையும் கவனியுங்கள். கேமரா இத்தனை வெள்ளையைப் பார்த்து மிரண்டு சாம்பலாக்கப் பார்க்கும். முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றிவிட்டு (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு), துணியின் மடிப்பு அழிகிறதா என்று கேமராவின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் ஒரு பார்வை பாருங்கள். லென்ஸ் ஹூடை எப்போதும் மாட்டியே வையுங்கள். வெயிலுக்கு மட்டுமென்று நினைக்க வேண்டாம், தூறல் முன்கண்ணாடியில் விழாமல் இருக்கவும் அதுதான் காவல்.

அப்புறம் வீடுகள். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வீடுகள் வரிசையாக ஒன்றையொன்று ஒட்டிக் கட்டியிருக்கும். முன்னால் முற்றம் இருக்கும், உள்ளே இடம் குறைவு. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் இன்னும் சின்னவை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் மக்களுக்கு வேலை கொடுக்க உருவான டான்டீ தோட்டங்களின் லைன்களில், பத்தடிக்குப் பத்தடி அறையில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும். பெண், அவளுடைய அம்மா, அத்தை, தலை பின்னும் தோழி, கட்டிலில் புடவைகள், சுவரோரமாக நீங்கள். பத்தடி என்பது 3 மீட்டர். சுவரில் முதுகை ஒட்டி நின்றால்கூட 85ல் பெண்ணின் இடுப்புக்கு மேல்தான் கிடைக்கும். 35 போட்டால் அந்த அறையே படத்துக்குள் வந்து உட்காரும்: பீரோவில் ஒட்டிய சாமிப் படம், ஜன்னல் வெளிச்சம், அம்மாவின் கையிலிருக்கும் மல்லிகைச் சரம். இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பம் ஆல்பத்தைத் திறக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தோடு அந்த வீட்டையும் தேடும். லைன் வீடுகள் நிரந்தரமில்லை. அதனால் அதைப் படத்தில் வைப்பது என் கடமை என்றே நினைக்கிறேன்.

24ல் இன்னும் நிறைய வருமே என்று கேட்பார்கள். வரும். ஆனால் ஓரத்தில் நிற்பவர் அகலமாக இழுபட்டுத் தெரிவார். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் அத்தையோ பாட்டியோதான். அவர்களை அப்படிக் காட்டுவது மரியாதை இல்லை. குரூப் போட்டோவுக்கும் இதே கதிதான். முடிந்தவரை பின்னால் போய் 35லோ 50லோ, எஃப் 5.6லிருந்து 8க்குள் வைத்து எடுங்கள். 35ல் 3 மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம் கிடைக்கும், தோளோடு தோள் உரச ஆறேழு பேர் நிற்கலாம். ஆள் கூடக் கூட அதே அளவு பின்னால் போக வேண்டியதுதான்.

படுகர் கல்யாணத்தில் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும் தருணம், புதுப்பெண் பெரியவர்களிடம் ஆசி வாங்குவது. பெண் குனிகிறாள், பெரியவர் தலையில் கை வைத்து வாழ்த்துச் சொல்கிறார். சொல்லி முடிக்கிற வரை அந்தக் கை எடுபடாது. இதற்கு 85 வேண்டும். 2 மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்து. இன்னும் கிட்டப் போனால் அந்த வாழ்த்துக்கு நடுவில் நாம் போய் நிற்பதாகிவிடும். பெரும்பாலான 85 லென்ஸ்கள் 80 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகவும் ஆகாது. தூரம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதில் இந்த மரியாதையும் இருக்கிறது. எங்கே நிற்கலாம் என்பதை அந்த வீட்டார் நமக்குத் தருகிறார்கள். ஆட்டம் தொடங்கினால் கதை வேறு. வட்டமாக ஆடுவார்கள், கூப்பிட்டால் 35ஐ மாட்டிக்கொண்டு உள்ளேயே போய்விடலாம்.

தேவாலயக் கல்யாணத்தில் இதற்கு நேர்மாறாக இருக்கும். ஊட்டியில் 1830ல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயம் போன்ற பழைய ஆலயங்கள் இந்த மலையில் நிறைய. பீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது, நடுவழியில் அலையக் கூடாது, பல இடங்களில் ஃபிளாஷும் கூடாது. அது நியாயமான கட்டுப்பாடு. அங்கே 70-200 எஃப் 2.8, இல்லையென்றால் 135 எஃப் 2 இல்லாமல் போகாதீர்கள். கூரை மரமாக இருந்தால் ஃபிளாஷ் அனுமதித்தாலும் மேலே அடித்துப் பவுன்ஸ் செய்வதில் பயனில்லை. கறுத்த மரம் பாதி வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மீதியைப் பழுப்பாக்கித் திருப்பித் தரும். இந்த மாதிரி வேலை வருடத்துக்குச் சிலதான் வரும் என்றால், 70-200ஐச் சொந்தமாக வாங்காமல் கோவையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இனி வெளிச்சம். எஃப் 2.8லிருந்து 1.4க்குப் போனால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், எஃப் 1.8க்குப் போனாலும் இரண்டரை மடங்கு. விடியற்காலை முகூர்த்தத்தில் தாலி கட்டும் கைகள் நிற்காமல் நகரும். லென்ஸிலோ கேமரா பாடியிலோ இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து, மாப்பிள்ளையின் கை அசைவுக்கு இல்லை. ஷட்டரை நூறில் ஒரு பங்கு வினாடியைவிட மெதுவாக விடாதீர்கள். மண்டபத்தில் மலிவான எல்இடி சீரியல் விளக்குகள் இருந்தால் அதைவிட ரொம்ப வேகமாகப் போகவும் முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை மின்னுகிறது, ஷட்டர் அதைவிட வேகமானால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஷட்டர் இப்படி ஓரிடத்தில் கட்டிப்போடப்பட்ட பிறகு, நம் கையில் மிச்சமிருப்பது அபெர்ச்சரும், வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவும் மட்டும்தான்.

அதற்காக எஃப் 1.2 வாங்க வேண்டுமா? என் பதில், வேண்டாம். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4ல் திறந்து 2 மீட்டரில் ஒருவரை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் நாலரை சென்டிமீட்டர்தான். மணமக்கள் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்க மாட்டார்கள். ஒருவர் கண் தெளிவாகவும் மற்றவர் கண் மங்கலாகவும் வந்த படத்தை எந்த அம்மாவிடமும் காட்ட முடியாது. ஜோடியாக எடுக்கும்போது எஃப் 4 வரை மூடத்தான் போகிறோம். முகத்தைப் படம் எடுப்பதற்கென்றே 1840ல் யோசெப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த லென்ஸின் அபெர்ச்சர் சுமார் எஃப் 3.6. அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான வெளிச்சம். நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த மனிதர்களை வினாடிகளில் விடுவித்தது. பின்னணியை மங்கலாக்குவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை, ஆளுக்குச் சிரமம் குறைய வேண்டும் என்றுதான் செய்தார்கள்.

நம் ஊட்டிக்கும் இதில் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே ஏ.டி.டபிள்யூ. பென் என்பவர் இங்கே ஸ்டூடியோ வைத்து மலையையும் மக்களையும் எடுத்திருக்கிறார். பிறகு 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். தூசியில்லாத, குளிர்ந்த காற்று ஃபிலிம் செய்ய உகந்தது என்பதால் தொழிற்சாலை இங்கே வந்தது. இந்து நகர் என்ற பேர் அந்த ஃபிலிமின் பேர்தான். 100, 400 வேக ஃபிலிமில் மண்டபத்துக் கல்யாணம் எடுத்த பெரியவர்களுக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் உயிர். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 3200, 6400 தாராளமாக அச்சுக்குப் போகிறது. அதனால் எஃப் 1.8 போதும். எஃப் 1.4க்கும் 1.8க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இன்னொரு லென்ஸே வாங்கிவிடலாம். தோளுக்கும் பாரம் குறையும். சோனியின் 85 எஃப் 1.8 போன்றவை 400 கிராமுக்குள் இருக்கின்றன. 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல்தான். ஹட்டிக்குப் படி ஏறி இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

அவுட்டோர் கப்புள் ஷூட்டைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். தேயிலைத் தோட்டம் வரை ஜோடியைக் கூட்டிவந்துவிட்டு, 135ஐ எஃப் 2ல் திறந்து தோட்டத்தைப் பச்சைக் கறையாக்காதீர்கள். அந்தப் படத்தைப் பூங்காவிலேயே எடுத்திருக்கலாம். 50லோ 35லோ, எஃப் 4லிருந்து 5.6க்குள், சரிவின் வளைவும் செடி வரிசையும் படிக்கும்படி எடுங்கள். பைன் காட்டில் மட்டும் வைட் லென்ஸை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டாம். நேரான மரங்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழப்போவது போல் சாயும். 50ஐயோ 85ஐயோ கேமரா மட்டம் மாறாமல் பிடித்தால் மரங்கள் தூண்களாக நிற்கும்.

ஜூமா (24-70 போல அளவு மாறுவது) பிரைமா (35, 85 போல ஒரே அளவு) என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஊட்டியின் பெரிய மண்டபத்தில், வீடியோக்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் நடுவில் ஓரடிகூட நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும் வேலைகளுக்கு 24-70 எஃப் 2.8 ரொம்ப உதவும். கால் நகர இடமிருந்தால் பிரைம். மிஸ்ட்டிலும் தூறலிலும் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது, சென்சாரில் ஈரம் இறங்கும். அதனால் இரண்டு பாடி, ஒன்றில் 35, ஒன்றில் 85 என்பதே இந்த மலைக்கு என் ஏற்பாடு. ஒரே ஒரு கிராப் பாடியோடு ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலான பிராண்டுகளில் மலிவாகக் கிடைக்கும் 50 எஃப் 1.8ஐ முதலில் வாங்குங்கள். அது அதில் 75, 80 போலப் பார்க்கும், முகத்துக்கு அருமை. அடுத்து 24க்குப் பக்கத்தில் ஒன்று, வீட்டுக்குள் எடுக்க. மோதிரம், தாலி, மருதாணி எல்லாம் நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. கையில் காசில்லாத காலத்தில் 50க்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாயை மாட்டினாலும் நடக்கும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது மலையில் தனி வேலை. தை மாதத்தில் உறைபனி விழுந்த காலையில் வெளியே எடுத்துவிட்டு, ஆட்களின் மூச்சும் சமையல் ஆவியும் நிறைந்த மண்டபத்துக்குள் நேராகப் போனால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்க வரும். வெளியிலேயே பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, உள்ளே போய் இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறங்கள். முகூர்த்தத்துக்கு அவ்வளவு நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள் என்பதுதான் இதன் பொருள்.

பூஞ்சை அதைவிடப் பெரிய எதிரி. ஈரக்காற்றும் இருட்டும் அசையாத இடமும் கிடைத்தால் லென்ஸின் உள்ளே வேர்விடும். அது கசியும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள், இரண்டு பக்க மூடியையும் எடுத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறு பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் ஏதாவது தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் ஆபத்தான மாதம் ஆடி. முகூர்த்தம் கிடையாது, லென்ஸ்கள் பைக்குள்ளேயே கிடக்கும். வெளியே தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். அந்த மாதத்தில் பையில் வைக்கவே வைக்காதீர்கள்; பையின் பஞ்சே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள். முடியாவிட்டால், காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும். நீலம் ரோஸ் நிறமானதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை எல்லா லென்ஸையும் வெளியே எடுத்து, ஃபோகஸ் வளையத்தை இரு பக்கமும் திருப்பி, வீட்டில் இருப்பவர்களை நாலு படம் எடுத்துவிட்டு மறுபடி டப்பாவில் வையுங்கள்.